டேங்க் கன்ட்ரோலர்: மோல்டு வெட்டுமுன் வீட்டு ஆட்கள் கையில் கொடுத்துப் பார்ப்பது எப்படி?

பேட்டை_பேனல் | பதிவு 1

வணக்கம். வீட்டு மோட்டாருக்கான தண்ணீர் மட்டக் கன்ட்ரோலர் ஒன்று கிட்டத்தட்ட தயார். சிங்கிள் ஃபேஸ், 1 ஹெச்.பி. வரை. மாடி டேங்குக்கு மூன்று சென்சார் கம்பி, சம்ப்புக்கு இரண்டு. முன்பக்கம் நான்கு எல்.ஈ.டி., இரண்டு இலக்க டிஸ்ப்ளே, மூன்று பட்டன் (ஆட்டோ/மேனுவல், ஸ்டார்ட், ஸ்டாப்). ஸ்டாப் பட்டனை 3 நொடி அமுக்கிப் பிடித்தால் செட்டிங் திறக்கும். சம்ப் காலியானாலோ, போர் வற்றி மோட்டார் கரண்ட் குறைந்தாலோ ட்ரை ரன் என்று நிறுத்திவிட்டு 30 நிமிடம் பூட்டிக்கொள்ளும்.

போர்டு சோதனை முடிந்தது. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர்ஸ்டாட்டில் 160 முதல் 270 வோல்ட் வரை ஓட்டிப் பார்த்தாயிற்று. கேஸ் மட்டும் இன்னும் 3டி பிரிண்ட்தான். மோல்டு (பிளாஸ்டிக் கேஸ் வார்க்கிற ஸ்டீல் அச்சு) ஆர்டர் கொடுக்க ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் உண்மையான வீட்டு ஆட்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எத்தனை பேர், எந்த இடத்தில், என்ன கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை_பயன்பாடு | பதிவு 2

மோல்டுக்கு முன்னால் கேட்டீர்களே, அது பாதி வேலை. "பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம்ம ஊரில் "நல்லா இருக்கு தம்பி" என்றுதான் பதில் வரும். வீட்டுக்கு வந்தவனைக் குறை சொல்லி அனுப்பமாட்டார்கள். அதனால் அபிப்பிராயம் கேட்காதீர்கள். ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு விரல் எங்கே போகிறது என்று பாருங்கள்.

மேஜை மேல் செட்டப் இப்படிப் போடலாம். உள்ளே தண்ணீர் தெரிகிற 20 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு. ஒன்று சம்ப், ஸ்டூல் மேல் ஒன்று மாடி டேங்க். நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் தள்ளுகிற 12 வோல்ட் குட்டிப் பம்ப். நிஜ டேங்க் நிறைய முக்கால் மணி நேரம் ஆகுமென்றால் இது இரண்டே நிமிடத்தில் நிறையும். சோதனைப் பெட்டிக்குள் 230 வோல்ட் வரவே கூடாது. போர்டுக்கு 12 வோல்ட் அடாப்டர், மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற ரிலே பக்கமும் 12 வோல்ட். ஈரக்கையோடு ஒரு அம்மா மேஜையைத் தொடப்போகிறார் என்பதை நினைத்தே வயரிங் செய்யுங்கள். ட்ரை ரன், லோ வோல்டேஜ் இரண்டையும் வரவழைக்க மேஜைக்குப் பின்னால் இரண்டு டாகிள் சுவிட்ச் வைத்து, கூட வருகிற ஆள் சத்தமில்லாமல் போடட்டும்.

இந்தச் செட்டப்பில் ஒன்று தவறிப்போகும். சம்ப் மேல் மோனோபிளாக் (மோட்டாரும் பம்ப்பும் ஒன்றாக உள்ளது) வைத்த வீடுகளில் மோட்டார் ஓடுகிறதா என்று யாரும் லைட்டைப் பார்ப்பதில்லை, உறுமல் கேட்கிறதா என்று காது கொடுப்பார்கள். போர் மோட்டார் வீட்டில் உறுமல் கேட்காது, மாடியில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் அடையாளம். குட்டிப் பம்ப்பில் இரண்டுமே இல்லை. மோனோபிளாக் சத்தத்தைப் பதிவு செய்து ரிலேயோடு சேர்ந்து ஒலிக்கிற ஸ்பீக்கர் வையுங்கள். பாதிப் பேருக்குச் சத்தத்தோடும் பாதிப் பேருக்குச் சத்தமில்லாமலும் நடத்தினால், எல்.ஈ.டி. தன் வேலையைச் செய்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

பணிகளைச் சொல்லும்போது பேனலில் அச்சடித்த சொல்லை வாயில் எடுக்காதீர்கள். "ஆட்டோவில் போடுங்க" என்றால் அது எழுத்தைத் தேடுகிற விளையாட்டு ஆகிவிடும். இப்படிக் கேளுங்கள்: "நாளைக்கு நீங்க ஊருக்குப் போறீங்க. ரெண்டு நாள் கீழ் வீட்டுல ஆள் இல்லை. மாடியில குடியிருக்கிறவங்களுக்குத் தண்ணி வேணும். கிளம்பும்போது இந்தப் பெட்டியில என்ன செய்வீங்க?" இந்த மாதிரி ஆறு பணி போதும். ஒரு ஆளுக்கு 40 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

நடத்துகிறவருக்கு ஒரே கட்டுப்பாடு: வாயைத் திறக்கக் கூடாது. "இதை அமுக்கவா தம்பி?" என்று கேட்பார்கள். "நாங்க இல்லாதப்ப என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெட்டியை வடிவமைத்தவர் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. அவர் முகம் பதில் சொல்லிவிடும்.

அம்பை_வயரிங் | பதிவு 3

அண்ணாச்சி, வீட்டு அம்மா பட்டனைத் தொடுததுக்கு முன்னாடி ஒரு ஆள் தொடுதான். அவன்தான் எலக்ட்ரீசியன். அவனை விட்டுட்டுப் பேசுதிய.

அவன் கையில சீல் உடைக்காத அட்டைப்பெட்டியைக் கொடுங்க. மேஜை வேண்டாம். மாடிப்படிக்கு அடியில, பாதி இருட்டுல, ஸ்டூல்ல ஏறி நின்னு மாட்டச் சொல்லுங்க. கரண்ட் இல்லாத போர்டுதான், ஆனா மாட்டுத இடம் நெசமா இருக்கணும். பார்க்க வேண்டியது இதெல்லாம்:

டெர்மினல் (வயரை மாட்டி முறுக்குத இடம்) பேரு வயருக்குக் கீழ அச்சடிச்சிருந்தா முதல் வயரை முறுக்குன உடனே அது மறைஞ்சு போகும். பேரு வயர் வராத பக்கம் இருக்கணும். ஸ்க்ரூ டிரைவரைச் சாய்க்காம நேரா விட இடம் வேணும். 3டி பிரிண்ட் கேஸ்ல சுவர் தடிமன் வேற, மோல்டு கேஸ்ல வேற. அதனால இடத்தை ஸ்கேல் வச்சு அளந்து எழுதிக்கிடுங்க.

சென்சார் வயருக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம்னு மேனுவல்ல போட்டிருப்பிய. மாடிக்கு 15, 20 மீட்டர் போகணும். கையில கிடக்குத லேன் கேபிளைத்தான் இழுப்பான். அதுல நிறம் வேற. நிறத்தை விட்டுட்டு டெர்மினல்ல "மேல், நடு, கீழ்"னு போடுங்க.

மேல் வயரும் கீழ் வயரும் மாறிட்டுன்னா என்ன ஆகும்? மேல் கம்பி நனைஞ்சு, கீழ் கம்பி காய்ஞ்சு இருக்குன்னு போர்டுக்குத் தெரியும். அது நடக்க வழியே இல்லாத நிலை. உங்க சாஃப்ட்வேர் இப்ப அதைக் கண்டுக்கிடுதா? கண்டுக்கிட்டா டிஸ்ப்ளேல சொல்லணும். இல்லன்னா மோட்டார் கோளாறுன்னு நெனச்சு மோட்டாரைத் தூக்கிருவாவ.

இன்னொண்ணு, இதுதான் ஆபத்து: சென்சார் டெர்மினலும் மெயின்ஸ் டெர்மினலும் ஒரே அளவு, ஒரே வரிசைன்னா ஒருநாள் 230 வோல்ட் சென்சார்ல ஏறும். அந்த வயரு போகுத இடம் டேங்க் தண்ணி. மெயின்ஸுக்கு 9.5 மி.மீ. பிட்ச் (ஸ்க்ரூ இடைவெளி) பேரியர் டெர்மினல் வச்சா, சென்சாருக்குச் சின்ன ப்ளக் வகை வைங்க. அதுவும் கேஸோட எதிர்ப்பக்கம். மாத்தி மாட்டவே முடியாதபடி இருக்கணும். எச்சரிக்கை ஸ்டிக்கர் போதாது.

பேட்டை_பேனல் | பதிவு 4

நன்றி அண்ணாச்சி. ஒரே வரிசைதான், இப்போதே மாற்றுகிறோம். மேல்/கீழ் தலைகீழ் நிலையை சாஃப்ட்வேர் கண்டுகொள்வதில்லை. அதையும் சேர்க்கிறோம்.

ஒரு கேள்வி. ஐந்து பேர் போதும் என்று பல இடங்களில் படிக்கிறோம். உண்மையா?

கணக்கு_நெல்லை | பதிவு 5

பாதி உண்மை. அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விளங்கும். பயன்பாட்டுச் சோதனை ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993-இல் கொடுத்த கணக்கு அது. ஒரு குறை ஒரு ஆளிடம் தலைகாட்ட வாய்ப்பு சராசரி 31 சதவீதம் என்று வைத்தார்கள். ஐந்து பேரிடமும் தப்பித்துப் போக 0.69-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், வருவது 0.156. ஆக 84 சதவீதக் குறைகள் மாட்டிக்கொள்ளும்.

அந்த 31 எல்லாப் பெட்டிக்கும் பொருந்தாது. பத்தில் ஒருவர் மட்டும் செய்கிற தவறை எடுங்கள். 0.9-ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.59. அதாவது ஐந்து பேரை வைத்து அதைப் பார்க்கிற வாய்ப்பு 41 சதவீதம்தான். பதினைந்து பேர் என்றால் 79. மோட்டார் எரிகிற மாதிரித் தவறு பத்தில் ஒருவரிடம் வந்தாலும் தாங்க முடியாது இல்லையா?

அதனால் பதினைந்து பேரையும் ஒரே மூச்சில் உட்கார வைக்காதீர்கள். ஐந்து பேர், திருத்தம், மறுபடி வேறு ஐந்து பேர், திருத்தம், கடைசியில் ஐந்து. முதல் சுற்றில் பெரிய குறை ஒன்று வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அதை எடுத்தால்தான் பின்னால் இருப்பது தெரியும். பட்டன் எது என்றே தெரியாமல் நிற்கிறவர் செட்டிங் வரை போகப்போவதில்லை.

இது வீட்டு ஆட்களுக்கு. எலக்ட்ரீசியன்கள் தனி ஐந்து. இரண்டு கூட்டத்தையும் கூட்டி "பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்தார்கள்" என்று எழுதாதீர்கள்.

அந்த எட்டையும் நம்பிவிட வேண்டாம். பத்தில் எட்டு என்றால் 80 சதவீதம் என்று பேச்சில் சொல்லலாம். ஆனால் சின்ன எண்ணிக்கைக்கான திருத்தமாக வெற்றி இரண்டு, தோல்வி இரண்டு கூட்டி, பதினாலில் பத்து என்று வைத்து, உண்மை எண் எதற்குள் இருக்கலாம் என்ற 95 சதவீத எல்லை போட்டால் 48 முதல் 95 வரை வருகிறது. அவ்வளவு அகலம். இருபது பேரில் ஒருவர் கூடத் தவறவில்லை என்றாலும், ஊரில் ஏழில் ஒருவர் வரை தவறலாம் என்பதை அந்த முடிவு மறுக்காது. சின்னச் சோதனை குறையைக் கண்டுபிடிக்கத்தான். "குறையே இல்லை" என்று சான்றிதழ் கொடுக்க அதனால் முடியாது.

டவுன்_சர்வீஸ் | பதிவு 6

சர்வீஸ் பக்கத்திலிருந்து ஒன்று. உங்கள் 30 நிமிடப் பூட்டுதான் இந்தப் பெட்டியிலேயே பெரிய கண்ணி.

காலை ஆறு மணி. போர் வற்றிவிட்டது. பெட்டி நின்றுவிட்டது, டிஸ்ப்ளேயில் "ஈ2" என்ற கோளாறுக் குறி. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், தண்ணீர் இல்லை. ஸ்டார்ட் அமுக்கிப் பார்ப்பார்கள், ஓடாது. மறுபடி அமுக்குவார்கள். அடுத்து என்ன? மெயின் எம்.சி.பி.யை (கரண்டை வெட்டுகிற பாதுகாப்பு சுவிட்ச்) அமத்திப் போடுவார்கள். டி.வி., ஃபேன், மிக்ஸி எல்லாவற்றுக்கும் வீட்டில் தெரிந்த வைத்தியம் அதுதான். உங்கள் டைமர் கரண்ட் போனால் அழிகிற ரேம்-இல் இருந்தால் பூட்டு அழிந்துவிடும். மோட்டார் காய்ந்தபடி ஓடும், நிற்கும், மறுபடி அமத்திப் போடுவார்கள். பத்துத் தடவை இப்படி நடந்தால் சீல் போகும், கடைசியில் வைண்டிங்கே போகும். காப்பாற்ற வைத்த வசதியே மோட்டாரைக் கொல்கிறது. போர்டில் ஒரு கோளாறும் இருக்காது. அதனால் எந்த லேப் சோதனையிலும் இது வராது.

திருத்தம் இரண்டு. பூட்டின மிச்ச நேரத்தைக் கரண்ட் போனாலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் எழுதுங்கள், கரண்ட் போய் வந்தாலும் தொடரட்டும். டிஸ்ப்ளேயில் "ஈ2" வேண்டாம், 30, 29, 28 என்று நிமிடம் இறங்கட்டும். எண் இறங்குவதைப் பார்த்தால் காத்திருப்பார்கள். அசையாத எழுத்தைப் பார்த்தால் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார்கள்.

இதைச் சோதிக்கும்போது நேரத்தைச் சுருக்காதீர்கள். வேறு எல்லாப் பணிக்கும் 30 நிமிடத்தை ஒரு நிமிடமாக்கிய சாஃப்ட்வேர் சரி. இதற்கு முழு 30 நிமிடம் வேண்டும். பொறுமை எத்தனையாவது நிமிடத்தில் போகிறது, கை எம்.சி.பி.க்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. மேஜை மேல் ஒரு டம்மி எம்.சி.பி. வைக்க மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் அந்தத் தவறு நடக்க வழியே இருக்காது, நீங்களும் பார்க்கமாட்டீர்கள்.

அப்புறம் சிவப்பு லைட். கோளாறுக்குச் சிவப்பு வைத்திருப்பீர்கள். வயல் மோட்டார் உள்ள குடும்பங்களில் த்ரீ ஃபேஸ் பேனலில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் எரிந்தால் "கரண்ட் ஃபுல்லா வருது" என்று அர்த்தம். சிவப்பு எரிவது அவர்களுக்கு நல்ல செய்தி. உங்கள் சிவப்பைப் பார்த்து நிம்மதியாகத் திரும்பிப் போவார்கள். கோளாறென்றால் மினுக்கட்டும், பஸ்ஸரும் சேரட்டும். நிறத்தை மட்டும் நம்பினால் சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடியாத ஆட்களுக்கும் பயன்படாது.

நெல்லை_களஆய்வு | பதிவு 7

ஆள் பிடிப்பது பற்றி யாரும் பேசவில்லை. சோதனை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

சொந்தக்காரர், பக்கத்துக் கடைக்காரர், தெரிந்த இன்ஜினியரிங் மாணவர் வேண்டாம். மகளிர் சுயஉதவிக் குழு வழியாகப் போனால் வெவ்வேறு தெரு, வெவ்வேறு வயது கிடைக்கும். ஐந்தில் மூன்று பேர் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களாக இருக்கட்டும். வீட்டில் மோட்டார் போடுகிறவர்கள் அவர்கள்தான். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, தனியாக இருக்கிற பெரியவர்கள் ஒருவராவது கட்டாயம். ஒரே டேங்கை இரண்டு குடித்தனம் பங்கு போடுகிற வீடு ஒன்றும் வேண்டும். வந்தவருக்குப் போக்குவரத்தும் அரை நாள் கூலியும் கொடுங்கள். சோதனை சரியாக முடியாவிட்டாலும் முழுத்தொகை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரம்: குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் யாரும் வரமாட்டார்கள். காலை 10:30-க்கு மேல், அல்லது மாலை 3 மணிக்கு மேல். ஆனித் தேரோட்ட வாரத்தில் டவுனில் வைக்காதீர்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகிற நாட்களையும் விட்டுவிடுங்கள்.

தொடங்கும்போது சொல்ல வேண்டியது, அப்படியே படிக்கலாம்: "அம்மா, உங்களைச் சோதிக்கல. இந்தப் பெட்டியைத்தான் சோதிக்கோம். உங்களுக்குப் புரியலன்னா தப்பு பெட்டி மேல. இதைச் செஞ்சவங்க இங்க இல்ல, அதனால யாரும் வருத்தப்பட மாட்டாங்க. எப்ப வேணும்னாலும் போதும்னு எழுந்திரிச்சிக்கலாம்." கடைசி இரண்டு வாக்கியத்தையும் விட்டுவிடாதீர்கள்.

வீடியோ எடுத்தால் கையும் பேனலும் மட்டும், முகம் வேண்டாம். ஒப்புதல் தாள் தமிழில் இருக்கட்டும். வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் கோரிக்கையை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழியிலோ படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. பதிவை எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்பதையும் தாளில் எழுதுங்கள்.

"மனசுல தோணுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்ற முறை பல பெரியவர்களுக்குக் கூச்சம். தனியாகப் பேசச் சொன்னால் அமைதியாகிவிடுவார்கள். அப்போது இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள், அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள், அதுதான் வேண்டும். மாமியார் மருமகள் ஜோடி வேண்டாம், ஒரு குரல்தான் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரிகள் இருவர் என்றால் பேச்சு தானாக வரும்.

முடிவில் "பிடித்ததா" என்று கேட்பதற்குப் பதில், "பக்கத்து வீட்டு அக்கா இதை வாங்கியிருக்காங்க. எப்படிப் போடணும்னு சொல்லிக்கொடுங்க" என்று கேளுங்கள். என்ன புரிந்தது, எது தலைகீழாகப் புரிந்தது எல்லாம் அதில் வந்துவிடும்.

குலவணிகர்புரம்_ஹார்டுவேர் | பதிவு 8

பட்டன் எதற்கு? டச் பேனல் வைத்தால் ஓட்டை இல்லை, தூசி போகாது, மோல்டும் எளிது. தமிழில் எழுத்து அச்சிடுவதைவிடப் படக்குறி போட்டால் எல்லா ஊருக்கும் விற்கலாம்.

பாளை_பயன்பாடு | பதிவு 9

டச் பற்றி வாதம் வேண்டாம், சோதனையிலேயே தெரிந்துவிடும். ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். பாத்திரம் கழுவுகிற மாதிரிக் கையை நனைத்துவிட்டு, துடைக்காமல் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். கப்பாசிட்டிவ் டச் (ஃபோன் திரை மாதிரி விரலின் மின் தன்மையை உணர்வது), நீர்ப்படலத்தை விரல் என்று எடுத்துக்கொள்ளும், அல்லது விரலையே கவனிக்காது. மோட்டார் பெட்டியைத் தொடுகிற கை பெரும்பாலும் ஈரக்கைதான். தூசிக்கு வேறு வழி உண்டு: பாலிகார்பனேட் ஓவர்லேக்கு (பேனல் மேல் ஒட்டுகிற அச்சிட்ட ஃபிலிம்) அடியில் மெட்டல் டோம் அல்லது டாக்ட் சுவிட்ச் என்ற குட்டிப் பட்டன். ஓட்டையும் இல்லை, "டிக்" என்ற உணர்வும் உண்டு.

அந்த உணர்வு முக்கியம். அமுக்கிய 0.1 நொடிக்குள் ஒரு அடையாளம் வராவிட்டால் மறுபடி அமுக்குவார்கள். மோட்டார் ரிலே 2 நொடி கழித்துப் போட்டாலும் பரவாயில்லை, எல்.ஈ.டி. உடனே மினுக்கட்டும். ஆட்டோ/மேனுவல் மாதிரி ஒரே பட்டன் மாறி மாறி வேலை செய்தால், இரட்டை அமுக்கு பழைய இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும். அவர் மாற்றிவிட்டோம் என்று நினைத்துப் போய்விடுவார். இந்த ஒன்றுக்காகவே ஒவ்வொரு அமுக்கையும் மில்லி நொடியோடு லேப்டாப்புக்கு அனுப்புகிற லாக் சாஃப்ட்வேரில் வேண்டும். வீடியோவில் இரட்டை அமுக்கு தெரியாது.

ஸ்டாப்பை 3 நொடி பிடித்தால் செட்டிங் என்பதை எடுத்துவிடுங்கள். பதற்றத்தில் நிறுத்துகிறவர் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிப்பார். செட்டிங் உள்ளே, மூடிக்கு அடியில் போகட்டும், அது எலக்ட்ரீசியன் வேலை.

படக்குறியா எழுத்தா? இரண்டையும் தாளில் அச்சிட்டு லேமினேட் செய்து, இரட்டைப்பக்க டேப்பில் பேனல் மேல் ஒட்டி மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு மாலைக்குள் மூன்று வடிவம் பார்த்துவிடலாம்.

நெல்லை_களஆய்வு | பதிவு 10

சொற்களுக்கும் அப்படியே. "தானியங்கி" என்று எழுதினால் வாசிப்பார்கள், பொருள் ஏறாது. "ஆட்டோ" எல்லோருக்கும் தெரியும். "இயக்கு" வேண்டாம், "ஆன்" போதும். சோதனைக்கு முன் பெட்டியைக் காட்டாமல் ஒரு கேள்வி: "டேங்க் நிறைஞ்சு தண்ணி வெளிய ஊத்துது. பேரப்பிள்ளைகிட்ட என்ன சொல்லுவீங்க?" "மோட்டாரை அமத்துலே", "நிப்பாட்டு", "ஆஃப் பண்ணு" மூன்றும் வரும். எது அதிகம் வருகிறதோ அதை எழுதுங்கள். "டேங்க் நிறைஞ்சிட்டு" என்று இங்கே சொன்னால் முடிந்த காரியம். சென்னையிலோ கோவையிலோ படிக்கிறவருக்கு வாக்கியம் பாதியில் நிற்கிற மாதிரி இருக்கும். வெளியூருக்கும் விற்கிற எண்ணம் இருந்தால் "டேங்க் ஃபுல்" போதும்.

எழுத்தின் அளவு கண்ணோடு 20 கலை (ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு) கோணம் பிடிக்க வேண்டும் என்பது திரைகளுக்கான பழகிய அளவு. கைக்கெட்டும் தூரம் 50 செ.மீ. என்றால் 3 மி.மீ. வரும். தமிழுக்கு அது போதாது. ணு, ஞ, றை எல்லாம் அச்சில் அடைத்துக்கொள்ளும், புள்ளி காணாமல் போகும். 4 முதல் 5 மி.மீ. வையுங்கள். டிஸ்ப்ளேயை 2 மீட்டரிலிருந்து படிக்க 12 மி.மீ. வேண்டும். கடையில் கிடைக்கிற 0.56 இன்ச் செவன் செக்மென்ட் 14 மி.மீ., அது சரி. 0.36 இன்ச் 9 மி.மீ.தான். சோதனைக்கு வருகிறவரிடம் "கண்ணாடி போட்டுக்கோங்க" என்று சொல்லாதீர்கள். வீட்டில் அடுக்களையிலிருந்து வருகிறபோது எப்படி வருவாரோ அப்படியே பார்க்கட்டும்.

டவுன்_சர்வீஸ் | பதிவு 11

பஸ்ஸர் விட்டுப்போச்சு. சின்ன பியெஸோ பஸ்ஸர்கள் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் உரக்கக் கத்தும். வயதானால் முதலில் குறைவது அந்த உயர் ஒலிதான். இளவட்டங்களுக்குக் காதைத் துளைக்கும், அறுபது தாண்டியவருக்குக் கேட்காது. 2 கிலோஹெர்ட்ஸும் அதற்குக் கீழும் ஒலிக்கிற மேக்னடிக் பஸ்ஸர் ஒன்றையும் வாங்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். அடுக்களையில் மிக்ஸி ஓட, ஃபேன் சுற்ற, கதவு பாதி சாத்தியிருக்கக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அமைதியான ஆபீஸ் அறையில் வைத்துப் பார்த்தால் எல்லாமே கேட்கும்.

நிறுத்த வழியில்லாத பஸ்ஸரின் வயரை ஒரு வாரத்தில் வெட்டிவிடுவார்கள். எந்தப் பட்டனை அமுக்கினாலும் வாய் மூட வேண்டும்.

ராதாபுரம்_காத்து | பதிவு 12

மேஜைச் சோதனை முடிந்ததும் நாலைந்து பெட்டியாவது இரண்டு வாரம் வீட்டில் ஓட வேண்டும். இதற்கு 230 வோல்ட் நிஜ வயரிங், 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் வெட்டிவிடுகிற சுவிட்ச்) கட்டாயம், பெட்டியைத் தாண்டி மோட்டாரை ஓட்டுகிற பைபாஸ் சுவிட்சும் கட்டாயம். பெட்டி நின்றுபோனால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமே.

எல்லாம் பாளையங்கோட்டைக்குள் வைத்தால் பயன் இல்லை. ஒன்று அம்பாசமுத்திரம் பக்கம். ஒன்று உவரி மாதிரிக் கடற்கரை ஊர், உப்புக்காற்றில் டெர்மினல் ஸ்க்ரூ பச்சை பிடிக்கும். ஒன்று ராதாபுரம், பணகுடிப் பக்கம், ஆனி ஆடிக் காற்றில் மண் எங்கே புகுகிறது என்று தெரியும். போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள வீடு ஒன்று அவசியம். சென்சார் கம்பிக்கு ஒரே திசையில் ஓடுகிற டி.சி. கொடுத்திருந்தால் மின்பகுப்பு நடந்து ஒரு கம்பி அரிக்கும், இன்னொன்றில் வெள்ளையாகப் படியும், பிறகு தண்ணீர் இருந்தும் இல்லை என்று காட்டும். திசை மாறுகிற பல்ஸ் கொடுங்கள்.

பெட்டி மாட்டுகிற இடம் பலநேரம் வராந்தாச் சுவர். சித்திரை வெயில் நேராக விழுகிறபோது எல்.ஈ.டி. எரிகிறதா இல்லையா என்று கையால் மறைத்துப் பார்க்கிறார்களா? அப்படிச் செய்தால் வெளிச்சம் போதவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் நம்ம பக்கமும் தூத்துக்குடிப் பக்கமும் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒருநாள் சம்ப்புக்குள் சேற்றுத் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். சென்சாருக்கு அது நிறைந்த சம்ப். மாடி டேங்க் காலி. கரண்ட் வந்ததும் பெட்டி தானாகச் சேற்றை மேலே ஏற்றும். ஆகவே ஸ்டாப் அமுக்கியிருந்தால் கரண்ட் போய் வந்தாலும் ஸ்டாப்பாகவே இருக்க வேண்டும். இதையும் பணியாகக் கொடுங்கள்: "சம்ப்புல சகதித் தண்ணி கிடக்கு. கரண்ட் எப்ப வேணும்னாலும் வரும். மோட்டார் தானா ஓடக் கூடாது."

கணக்கு_நெல்லை | பதிவு 13

அந்தப் பணிக்கு எம்.சி.பி.யை அமத்துகிறவரையும் வெற்றி என்றே எழுதுங்கள், ஆனால் தனிக் குறியோடு. தாளில் நான்கு நிலை போதும்: தானாகச் செய்தார், வேறு வழியில் செய்தார், உதவியோடு செய்தார், முடியவில்லை. கூடவே முதல் அமுக்கு சரியா தவறா, ஆன நேரம் எத்தனை நொடி. "முடித்துவிட்டேன் என்று நினைத்தார், முடியவில்லை" என்பதைச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். திணறி நிற்பவரைவிட அவர்தான் ஆபத்தில் இருக்கிறார்.

பொருள் பயன்படுத்த லேசா என்று அளக்கிற எஸ்.யு.எஸ். கேள்வித்தாளும் கேட்பார்கள். ஜான் ப்ரூக் 1986-இல் உருவாக்கியது, பத்து வாக்கியம், 1 முதல் 5 வரை மதிப்பு. ஒற்றைப்படை வாக்கியத்தில் மதிப்பிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5-இலிருந்து மதிப்பைக் கழிக்க வேண்டும், கூட்டி 2.5-ஆல் பெருக்க வேண்டும். ஒற்றைப்படைக்கெல்லாம் 4, இரட்டைப்படைக்கெல்லாம் 2 என்றால் 75 வரும். அது சதவீதம் இல்லை, சராசரி 68 பக்கம். சிக்கல் என்னவென்றால் வாக்கியங்கள் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறை. வாசித்துக் காட்டும்போது பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் "சரிதான்" என்பார்கள், எண் நடுவில் வந்து நிற்கும். இந்தப் பெட்டிக்கு ஒவ்வொரு பணி முடிந்ததும் "இது லேசா இருந்துச்சா, கஷ்டமா இருந்துச்சா?" என்று ஏழு படியில் ஒரு கேள்வி போதும்.

பேட்டை_பேனல் | பதிவு 14

எல்லோருக்கும் நன்றி. இப்படிப் போடலாம் என்று இருக்கிறது: முதல் வாரம் எலக்ட்ரீசியன் ஐந்து பேர், டெர்மினல் மாற்றம். இரண்டு, மூன்றாம் வாரம் வீட்டு ஆட்கள் ஐந்து, ஐந்து. நான்காம் வாரம் முதல் இரண்டு வாரம் வீடுகளில், அப்போதே மூன்றாவது ஐந்து பேர் மேஜையில். பூட்டு ஈஈப்ராமுக்குப் போகிறது, டிஸ்ப்ளே 0.56 இன்ச், செட்டிங் மூடிக்குள். மோல்டில் "ஆன், ஆஃப்" எழுத்தை எழும்பலாகவே போட்டுவிடலாமா?

பாளை_பயன்பாடு | பதிவு 15

இப்போது வேண்டாம். எழும்பல் எழுத்து என்பது மோல்டு ஸ்டீலில் பள்ளம். பின்னால் எப்போது வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம், வெட்டியதை எடுக்கத்தான் வெல்டிங் வேண்டும். எழுத்தெல்லாம் ஓவர்லேயில் இருக்கட்டும், மாற்ற ஒரு ஃபிலிம்தான் செலவு. ஓட்டைகளுக்கும் அதே யோசனை: பெட்டியில் ஓட்டை என்றால் மோல்டில் நிற்கிற பின். அதைத் தேய்த்து ஓட்டையைச் சிறிதாக்கலாம், பெரிதாக்குவது பாடு. டிஸ்ப்ளே ஜன்னலையும் கேபிள் வழியையும் ஒரு மி.மீ. தாராளமாக வைத்து ஆரம்பியுங்கள்.

அம்பை_வயரிங் | பதிவு 16

தம்பி, எலக்ட்ரீசியன் அஞ்சு பேரையும் திங்கக்கிழமை கூப்பிடாதிய, அன்னைக்குத்தான் ஞாயித்துக்கிழமை நின்ன மோட்டாரெல்லாம் சேர்ந்து வரும். புதன், வியாழன் வைங்க. கேபிள் நீங்க கொடுக்காதிய, அவன் பையில இருக்கதையே எடுக்கச் சொல்லுங்க.